போன் நல்லாத்தான் ஓடுது

கோத்தகிரி மார்க்கெட் பக்கம் செல்போன், கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்து வருடங்கள் பல ஆகிவிட்டன. வருகிறவர்கள் சொல்லும் புகார்கள் எனக்கு மனப்பாடம். சார்ஜ் நிற்கவில்லை, டிஸ்ப்ளே போய்விட்டது, ஹேங் ஆகிறது, மழையில் நனைந்துவிட்டது. ஓர் ஐப்பசி மழை நாளில் பக்கத்து ஹட்டியிலிருந்து, அதாவது படுகர் கிராமத்திலிருந்து, ஒரு பெரியவர் வந்தார். ஒன்றரை ஏக்கர் தேயிலை வைத்திருக்கும் சிறு விவசாயி. போனை மேசை மேல் வைத்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, போன்ல ஒரு கோளாறும் இல்லை. நல்லாத்தான் ஓடுது. பணம் மட்டும் போயிருச்சு."

இலைக் காசு வங்கிக் கணக்கில் ஏறி இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. விடியற்காலையில் மூன்று தவணையாக வழித்து எடுத்துவிட்டார்கள். இவர் யாரிடமும் ஓடிபி சொல்லவில்லை, யாரும் இவரைக் கூப்பிடவும் இல்லை. எஸ்எம்எஸ் பெட்டியைத் திறந்து பார்த்தேன். வங்கியிலிருந்து வந்திருக்க வேண்டிய குறுஞ்செய்திகள் ஒன்றுகூட அதில் இல்லை.

அவர் சொன்ன அந்த ஒரு வரியில் இன்றைய மால்வேரின், அதாவது கேடு செய்ய எழுதிய மென்பொருளின், குணம் முழுக்க இருக்கிறது. நம் ஊரில் வைரஸ் என்றால் இன்னமும் 'போன் ஸ்லோ ஆகும், சூடாகும், தானாக விளம்பரம் வரும்' என்றுதான் நினைக்கிறோம். அந்த அடையாளங்கள் ஒரு காலத்தில் சரி. இப்போது திருட வருகிறவனுக்கு உங்கள் போன் நன்றாக ஓட வேண்டும், சிக்னல் நன்றாக இருக்க வேண்டும், பேட்டரி நிற்க வேண்டும். போன் மக்கர் செய்தால் நீங்கள் அதைக் கடைக்குத் தூக்கி வந்துவிடுவீர்கள் என்று அவனுக்கும் தெரியும்.

பழைய வைரஸ்களுக்குத் தங்களைக் காட்டிக்கொள்ளும் ஆசை இருந்தது. 1986-இல் வந்த 'பிரெயின்' என்ற வைரஸை எழுதியவர்கள் லாகூரைச் சேர்ந்த அண்ணன் தம்பி இருவர். தங்கள் மென்பொருளைத் திருட்டுத்தனமாக நகல் எடுப்பவர்களைப் பிடிக்கத்தான் அதைச் செய்தோம் என்றார்கள். வைரஸுக்குள்ளேயே தங்கள் பெயர், கடை முகவரி, தொலைபேசி எண் எல்லாம் எழுதி வைத்திருந்தார்கள். விசிட்டிங் கார்டு கொடுத்த ஒரே வைரஸ் அதுவாகத்தான் இருக்கும். 2000 மே மாதத்தில் 'ஐ லவ் யூ' என்று மின்னஞ்சலில் வந்தது உலகத்தையே கலக்கியது. 2007 வாக்கில் நம் ஊர் பிரவுசிங் சென்டர்களில் ஒன்று சுற்றியது. ஆர்குட்டைத் திறந்தால் 'ஆர்குட் தடை செய்யப்பட்டது, முட்டாளே' என்று திட்டிவிட்டு ஜன்னலை மூடிவிடும். எரிச்சலாக இருக்கும், ஆனால் காசு போகாது. கம்ப்யூட்டரைத் தூக்கி வருவார்கள், ஃபார்மேட் போடுவோம், முந்நூறு ரூபாய் வாங்குவோம், எல்லோருக்கும் நிம்மதி.

அப்புறம் போனுக்குள் பணம் வந்தது. 2016-இல் யுபிஐ தொடங்கியது. இன்று இலைக் காசு, நூறு நாள் வேலைக் கூலி, மகளிர் குழுக் கடன், முதியோர் பணம் எல்லாமே வங்கிக் கணக்கில் விழுகின்றன. அந்தக் கணக்கின் சாவி ஒரு சிம் கார்டு. பர்ஸ், கையெழுத்து, அடையாள அட்டை மூன்றும் ஒரே சட்டைப் பையில் இருக்கின்றன. திருடன் அங்கேதானே வருவான்?

சரி, அந்தப் பெரியவர் போனுக்குள் என்ன நடந்தது என்று பார்ப்போம். கொஞ்சம் விலாவாரியாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்தியாவில் இன்று போனைத் தாக்கும் மால்வேர்களில் பெரும்பகுதி இதே அச்சில் வார்த்தவைதான்.

வாட்ஸ்அப்பில் ஒரு ஃபைல் வந்திருந்தது. விவசாயிகளுக்கான மத்திய அரசு உதவித் திட்டத்தின் பெயரும், கடைசியில் 'டாட் ஏபிகே' என்பதும் இருந்தன. ஏபிகே என்றால் ஆண்ட்ராய்டு ஆப்பை நிறுவுவதற்கான மூட்டை. போட்டோவும் இல்லை, பிடிஎஃபும் இல்லை. இதே மூட்டை கல்யாணப் பத்திரிகை என்று வரும், வண்டிக்கு அபராதச் சலான் என்று வரும், வங்கி கேஒய்சி, மின்கட்டண பாக்கி என்றும் வரும். மேலே ஒட்டியிருக்கும் லேபிள்தான் மாறும், உள்ளே சரக்கு ஒன்றுதான்.

தொட்டவுடன் போன் ஒரு தடவை தடுக்கும். 'இந்த வழியாக வரும் ஆப்களை நிறுவ அனுமதி இல்லை' என்று சொல்லி, அனுமதிக்க ஒரு பொத்தானையும் பக்கத்திலேயே காட்டும். நாம் அதைத் தள்ளிவிடுகிறோம். முதலில் நிறுவப்படும் ஆப்புக்குள் பெரிதாக ஒன்றும் இருக்காது. அது ஒரு கூலிக்காரன். 'புதிய பதிப்பு உள்ளது, அப்டேட் செய்யவும்' என்று சொல்லி, தன் வயிற்றுக்குள் வைத்திருக்கும் இரண்டாவது ஆப்பை இறக்கிவைக்கும். சோதனைகளை ஏமாற்றத்தான் இந்த இரட்டை வேலை. இரண்டாவது ஆப் எஸ்எம்எஸ் படிக்க, அனுப்ப, அழைப்புகளைக் கையாள அனுமதி கேட்கும். பேட்டரி மிச்சம் பிடிக்கும் ஏற்பாட்டிலிருந்து தனக்கு விலக்கும் கேட்டு வாங்கும், இல்லையென்றால் ஆண்ட்ராய்டு அதைத் தூங்க வைத்துவிடும். எல்லாம் கிடைத்த பிறகு தன் ஐகானை மறைத்துக்கொள்ளும். நாமோ 'ஆப் வேலை செய்யவில்லை போல' என்று போனைக் கீழே வைத்துவிடுவோம்.

அதற்கு முன்னால் ஒரு படிவம். பெயர், ஆதார் எண், டெபிட் கார்டின் கடைசி ஆறு இலக்கம், காலாவதி மாதம். சரிபார்ப்புக்காக ஒரு ரூபாய் கட்டச் சொல்லி யுபிஐ பின் கேட்பதும் உண்டு. இவ்வளவையும் ஏன் கேட்கிறான் என்பதற்கு யுபிஐ வேலை செய்யும் விதத்தில் பதில் இருக்கிறது. நீங்கள் புதிதாக ஒரு யுபிஐ ஆப் போட்டால், அது உங்கள் சிம்மிலிருந்து தானாக ஒரு எஸ்எம்எஸ் அனுப்பிப் பார்க்கும். 'இந்த எண் இந்தப் போனில்தான் இருக்கிறது' என்று வங்கி நம்புவது அந்த ஒரு எஸ்எம்எஸ்ஸை வைத்துத்தான். திருடன் எங்கோ உட்கார்ந்து தன் போனில் யுபிஐ ஆப்பைத் திறக்கிறான். அந்தச் சரிபார்ப்புச் செய்தியை உங்கள் போனில் இருக்கும் மால்வேருக்கு அனுப்புகிறான். அது உங்கள் சிம்மிலிருந்தே வங்கிக்குப் போகிறது. வங்கி நம்பிவிடுகிறது. புது பின் அமைக்க கார்டு இலக்கங்கள் வேண்டும், அவை படிவத்தில் கிடைத்துவிட்டன. ஓடிபி வேண்டும், அது உங்கள் போனுக்கு வருகிறது, நீங்கள் பார்க்குமுன் அவனுக்குப் போகிறது, உங்கள் பெட்டியிலிருந்து அழிக்கவும் படுகிறது. 'ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள்' என்று ஊரெல்லாம் போர்டு வைத்தோம். இங்கே யாரும் சொல்லவே தேவைப்படவில்லை.

2025 பிப்ரவரியில் சிம்பீரியம் என்ற பாதுகாப்பு நிறுவனம் இந்திய வங்கி வாடிக்கையாளர்களைக் குறிவைத்த இப்படிப்பட்ட ஒரு கும்பலைப் பற்றி அறிக்கை வெளியிட்டது. ஏறத்தாழ 900 மால்வேர் மாதிரிகள், திருடிய ஓடிபிகளைப் பெற சுமார் 1,000 கைப்பேசி எண்கள். சுமார் 50,000 பேரின் விவரங்களைச் சேர்த்து வைத்திருந்த இணையக் கிடங்குகளுக்குத் திருடர்கள் பூட்டே போடவில்லை. வழி தெரிந்த எவரும் உள்ளே போய்ப் பார்க்கலாம் என்ற நிலை. ஆக, ஒரு முறை திருட்டுப் போனது எத்தனை கைக்குப் போயிருக்கும் என்று கணக்கே கிடையாது.

இன்னும் தேர்ந்த ரகங்கள் எஸ்எம்எஸ்ஸோடு நிற்பதில்லை. அக்சஸிபிலிட்டி என்று ஆண்ட்ராய்டில் ஒரு வசதி உண்டு. பார்வையற்றவர்களுக்காகத் திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லவும், அவர்கள் சார்பில் பொத்தான்களை அழுத்தவும் வந்த அருமையான வசதி. அந்த அனுமதியை ஒரு மால்வேர் வாங்கிவிட்டால், உங்கள் திரையைப் பார்த்து, உங்கள் விரலாகவே வேலை செய்யும். வங்கி ஆப்பைத் திறக்கும், தொகையைப் போடும், அதை நீக்க நீங்கள் செட்டிங்ஸுக்குப் போனால் 'பேக்' அழுத்தித் திருப்பி அனுப்பும். அந்தக் கண்ணாமூச்சியை நான் நேரில் பார்த்திருக்கிறேன். 2022-இல் வந்த ஆண்ட்ராய்டு 13-இலிருந்து, வெளியிலிருந்து நிறுவிய ஆப்களுக்கு இந்த அனுமதி எளிதாகக் கிடைக்காதபடி கூகுள் கட்டுப்பாடு போட்டது. அதைச் சுற்றிப் போகவும் வழி கண்டுபிடித்துவிட்டார்கள். போதாததற்கு, நம் மலையில் அண்ணன் புதுப் போன் வாங்கினால் பழையது அப்பாவுக்கு, அப்பாவுடையது பாட்டிக்கு. ஆண்ட்ராய்டு 9, 10-இல் நிற்கும் போன்கள் என் மேசைக்கு வராத நாள் இல்லை.

இப்போது பெரியவர் சொன்ன இன்னொன்றுக்கு வருகிறேன். "தெரியாத நம்பர்ல இருந்து வந்தா நான் தொடவே மாட்டேன் தம்பி. இது என் மச்சான் அனுப்பினது." அதுதான் விஷயம். மால்வேர் ஒரு போனில் ஏறியதும், அந்தப் போனிலிருந்தே, அந்த ஆளின் பெயரிலேயே அடுத்தவர்களுக்குப் பரவுகிறது. சில நேரம் தானாகவே, சில நேரம் வாட்ஸ்அப் கணக்கைத் திருடன் தன் பக்கம் மாற்றிக்கொண்டு. மலையில் யாரும் யாருக்கும் அந்நியர் இல்லை. ஹட்டிக்கு ஒரு வாட்ஸ்அப் குழு, குழு லோனுக்கு ஒன்று, இலை எடை போடும் இடத்துக்கு ஒன்று, கோயில் திருவிழாவுக்கு ஒன்று. சாவுச் செய்தியும் அதில்தான், பஸ் ஓடவில்லை என்பதும் அதில்தான். மச்சான் அனுப்பியதைத் திறக்காமல் இருப்பது மரியாதைக் குறைவு என்று நினைக்கும் மனிதர்கள் இருக்கும் ஊரில், தெரிந்த பெயரைவிடப் பெரிய சாவி வேறு என்ன இருக்கிறது? படிப்பறிவு இல்லாதவர்கள்தான் ஏமாறுகிறார்கள் என்று சொல்பவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. என்னிடம் வந்தவர்களில் ஓய்வு பெற்ற ஆசிரியர் இருக்கிறார், கல்லூரி மாணவர்கள் இருக்கிறார்கள்.

மொழியும் நம்மைக் கைவிட்டுவிட்டது. முன்பெல்லாம் மோசடிச் செய்தியின் தமிழைப் பார்த்தாலே சிரிப்பு வரும். 'அன்பே வாடிக்கையாளர், உங்கள் கணக்கு தடுக்கப்பட்டு இருக்கிறது' என்று வரும். எந்த வங்கி மேனேஜர் நம்மை 'அன்பே' என்று கூப்பிடுவார்? அந்தத் தப்பே நமக்குக் காவலாக இருந்தது. ஏஐ வந்த பிறகு திருடர்களின் தமிழ் திருந்திவிட்டது. சில செய்திகள் என் பையனின் தமிழைவிட நன்றாக இருக்கின்றன.

சீசன் வந்தால் வேறு ஒரு வாசல் திறக்கிறது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7-ஆம் தேதி முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வருகிற வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயமானது. கல்லாறு சோதனைச் சாவடியில் வண்டியை நிறுத்திவிட்டு, விட்டு விட்டு வரும் சிக்னலில், குழந்தைகள் பின்னால் அழ, அவசரமாக 'இ-பாஸ்' என்று தேடுகிற ஆளை நினைத்துப் பாருங்கள். யாராவது ஒரு லிங்க் அனுப்பினால் அவர் யோசிப்பாரா? மால்வேருக்கு வேண்டியது இந்த அவசரம்தான். 2022-இல் 'இன்று இரவு 9.30-க்கு உங்கள் மின் இணைப்பு துண்டிக்கப்படும்' என்று நாடு முழுக்க வந்த குறுஞ்செய்திகளும் அதே அவசரத்தைத்தான் விற்றன. இ-பாஸ் அரசு இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அதற்காக வாட்ஸ்அப்பில் வரும் எந்த ஃபைலையும் போனில் ஏற்றத் தேவையில்லை.

கம்ப்யூட்டர் பக்கம் வருவோம். போனுக்கு ஏபிகே என்றால், கம்ப்யூட்டருக்கு இப்போது 'நான் ரோபோ அல்ல'.

காட்டேஜ் நடத்தும் ஒருவருக்கு மின்னஞ்சல் வருகிறது. தங்கிப் போன விருந்தாளி மோசமாக விமர்சனம் எழுதியிருக்கிறார், பார்க்கவும் என்று ஒரு லிங்க். திறந்தால் 'நீங்கள் மனிதர்தானா என்று உறுதி செய்யுங்கள்' என்று ஒரு பக்கம். படத்தில் பஸ்ஸையும் டிராஃபிக் சிக்னலையும் தொடச் சொல்வது போலத்தான், ஆனால் இங்கே சொல்வது வேறு. விண்டோஸ் பட்டனையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்து. பிறகு கன்ட்ரோலும் வி எழுத்தும். பிறகு என்டர். அவ்வளவுதான். அந்தப் பக்கத்தில் டிக் போட்ட நொடியிலேயே ஒரு கட்டளை வரி சத்தமில்லாமல் காப்பி ஆகியிருக்கும். முதல் பட்டன் ரன் பெட்டியைத் திறக்கிறது, இரண்டாவது அந்தக் கட்டளையை ஒட்டுகிறது, மூன்றாவது அதை ஓட்டுகிறது. மால்வேரைத் தன் கையாலேயே இறக்கிக்கொள்கிறார். உரிமையாளரே கட்டளை போடும்போது ஆன்ட்டிவைரஸும் பல நேரம் வழிவிட்டு நிற்கிறது. இந்த வித்தைக்கு 'கிளிக்ஃபிக்ஸ்' என்று பெயர். 2024 டிசம்பரிலிருந்து புக்கிங் டாட் காம் பெயரைப் போலியாகப் பயன்படுத்தி, தெற்காசியா உட்பட பல பகுதிகளில் இருக்கும் விடுதிக்காரர்களை இப்படிக் குறிவைத்திருக்கிறார்கள் என்று மைக்ரோசாஃப்ட் 2025 மார்ச்சில் எச்சரித்தது. குன்னூரிலும் கொடைக்கானலிலும் ஹோம்ஸ்டே வைத்திருப்பவர்கள் இந்தப் பத்தியை இன்னொரு தடவை படித்தால் நல்லது.

உள்ளே வருவது பெரும்பாலும் 'ஸ்டீலர்' வகை. சில நிமிடம்தான் வேலை. பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள், கார்டு விவரங்கள், குக்கிகள் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போய்விடும். குக்கி என்றதும் பலர் கண்டுகொள்வதில்லை. கோயில் வாசலில் செருப்பு விடும்போது டோக்கன் தருவார்களே, அது மாதிரி. பாஸ்வேர்டும் ஓடிபியும் கொடுத்து ஒரு முறை உள்ளே போனால், 'இவர் வந்தவர்தான்' என்று தளம் கொடுக்கும் டோக்கன் அது. அதைக் கொண்டு வருகிறவரிடம் மறுபடி எதுவும் கேட்க மாட்டார்கள், செருப்பை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். அதனால்தான் ஓடிபி வைத்திருந்தும் ஜிமெயில் போகிறது, இன்ஸ்டாகிராம் போகிறது. பாஸ்வேர்டை மாற்றினால் மட்டும் போதாது, 'எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு' என்பதையும் செய்தால்தான் பழைய டோக்கன் செல்லாமல் போகும். அதுவும் சுத்தமான வேறு சாதனத்திலிருந்து செய்ய வேண்டும்.

இந்தத் தொழில் நடக்கிற விதம் நம் தேயிலைத் தொழில் மாதிரியே இருப்பதுதான் எனக்கு வேடிக்கை. இலை பறிப்பவர் ஒருவர், வாங்கி எடுத்துப் போகிறவர் ஒருவர், தூளாக்கும் ஃபேக்டரி ஒன்று, குன்னூர் ஏலத்தில் எடுப்பவர் வேறு ஒருவர். கோப்பையில் ஊற்றிக் குடிப்பவருக்குப் பறித்தவரைத் தெரியாது. மால்வேரிலும் எழுதுகிறவன் அதை மாத வாடகைக்கு விடுகிறான். வாடகைக்கு எடுத்தவன் பரப்புகிறான். கிடைத்த பாஸ்வேர்டுகளை மூட்டை மூட்டையாக விற்கிறான். வாங்கியவன்தான் உள்ளே நுழைகிறான். 'லூமா' என்ற ஸ்டீலர் இப்படி வாடகைக்கு ஓடியது. 2025 மார்ச் 16 முதல் மே 16 வரை இரண்டே மாதத்தில் 3,94,000-க்கும் மேற்பட்ட விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் அதைக் கண்டதாக மைக்ரோசாஃப்ட் சொன்னது. அந்த மே மாதம் பல நாட்டுக் காவல்துறையோடு சேர்ந்து அதன் கட்டமைப்பை முடக்கினார்கள். நிரந்தரமாக ஒழிந்துவிட்டது என்று நம்ப நான் தயாராக இல்லை. ஒரு ஃபேக்டரி மூடினால் இலை அடுத்த ஃபேக்டரிக்குப் போகும்.

ஸ்டீலருக்கு இன்னொரு ராஜபாட்டை, திருட்டு மென்பொருள். 'கிராக்', 'ஆக்டிவேட்டர்' என்று தேடி இறக்குகிறோமே, அதற்குள்தான். ஆன்ட்டிவைரஸை அணைத்துவிட்டு ஓட்டச் சொல்லி அவனே வழிமுறையும் எழுதியிருப்பான், நாமும் அணைப்போம். எங்கள் தொழிலில் இருப்பவர்களும் இதில் சுத்தம் இல்லை. வாடிக்கையாளர் விலை கேட்டு மலைக்கும்போது கிராக் போட்டுக் கொடுத்தவர்கள்தான் நாங்கள்.

அப்படி ஒரு போட்டோ ஸ்டுடியோ. ஆல்பம் வடிவமைக்கும் மென்பொருளுக்குக் கிராக் போட்டார் ஸ்டுடியோக்காரர். மறுநாள் காலை மூன்று கல்யாணம், ஒரு காதுகுத்து, எல்லாப் படமும் திறக்கவில்லை. ஒவ்வொரு ஃபைலின் பெயருக்குப் பின்னும் அர்த்தமில்லாத நாலு எழுத்து வால். ஒவ்வொரு ஃபோல்டரிலும் ஒரு கடிதம்: 980 டாலர் கொடு, 72 மணி நேரத்துக்குள் என்றால் பாதி விலை, 490. தள்ளுபடி விலையில் மிரட்டல். இது 'ஸ்டாப்' அல்லது 'டிஜாவு' எனப்படும் ரான்சம்வேர் குடும்பம், ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரகம். பெரிய கம்பெனிகளை விட்டுவிட்டு வீட்டுக் கம்ப்யூட்டர்களை, அதுவும் கிராக் தேடுகிறவர்களையே வேட்டையாடியது.

அங்கே ஒரு விசித்திரம். இந்த மால்வேர் ஓடத் தொடங்கியதும் தன் சர்வரைத் தொடர்புகொண்டு அந்தக் கம்ப்யூட்டருக்கென்று தனிச் சாவி வாங்கும். இணையம் கிடைக்காவிட்டால், தன்னிடமே இருக்கும் ஒரு பொதுச் சாவியால் பூட்டிவிடும். அந்தக் கடிதத்தில் இருந்த அடையாள எண் 't1' என்று முடிந்திருந்தது. பொதுச் சாவியால் பூட்டியதற்கு அதுதான் அடையாளம். கிராக்கை அவர் முந்தின நாளே இறக்கி வைத்திருந்தார், ஓட்டிய இரவில் மழைக்கு மரம் விழுந்து கேபிள் அறுந்து தெருவுக்கே இன்டர்நெட் இல்லை. எம்சிசாஃப்ட் என்ற நிறுவனம் 2019 அக்டோபரில் இந்தக் குடும்பத்துக்கு ஓர் இலவச விடுவிப்பான் வெளியிட்டிருந்தது. பொதுச் சாவிகள் கிடைக்கக் கிடைக்க அதில் சேர்ப்பார்கள். பூட்டிய ஹார்டு டிஸ்க்கை அப்படியே கழற்றி அலமாரியில் வைக்கச் சொன்னேன். சில மாதம் கழித்து அவருடைய வகைக்குச் சாவி வந்தது, படங்கள் திரும்பக் கிடைத்தன. மலையில் நெட் போனதற்காக மகிழ்ந்த ஒரே ஆள் அவர்தான். எல்லோருக்கும் மரம் விழுந்து உதவாது. ஸ்டுடியோவில் இப்போது இரண்டு ஹார்டு டிஸ்க் இருக்கிறது, ஒன்று எப்போதும் கம்ப்யூட்டரில் செருகப்படாமல் பீரோவில் இருக்கும்.

பெரிய அளவில் இதே ரான்சம்வேர் என்ன செய்யும் என்பதை நாடு பார்த்திருக்கிறது. 2017 மே மாதத்து வானாக்ரை, யாரும் எதையும் தொடாமலேயே நெட்வொர்க் வழியாகப் பரவியது. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் இரண்டு மாதம் முன்பே வந்திருந்தும் போடாதவர்கள்தான் மாட்டினார்கள். 2022 நவம்பர் 23-இல் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனை முடங்கிப் போய், நோயாளிச் சீட்டைக் கையால் எழுத வேண்டி வந்தது. 2024 ஜூலை கடைசியில் சிறு வங்கிகளுக்குத் தொழில்நுட்பச் சேவை கொடுக்கும் ஒரு நிறுவனம் தாக்கப்பட்டபோது, நாடு முழுக்கச் சுமார் 300 கூட்டுறவு, கிராம வங்கிகளின் பணப் பரிமாற்றச் சேவைகள் தற்காலிகமாகத் துண்டிக்கப்பட்டன.

பென்டிரைவில் பரவும் வைரஸ் இன்னும் சாகவில்லை. ஜெராக்ஸ் கடையில் செருகி எடுத்தால் ஃபோல்டர்கள் மறைந்து, அதே பெயரில் ஷார்ட்கட்கள் நிற்கும். பழைய விண்டோஸ் 7 கம்ப்யூட்டர்கள் இருக்கும்வரை அது இருக்கும். விண்டோஸ் 10-க்கும் வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது.

யாரும் சந்தேகப்படாத ஒரு சாதனத்தைச் சொல்ல வேண்டும். பேர் தெரியாத கம்பெனியின் மலிவான ஆண்ட்ராய்டு டிவி பாக்ஸ். விடுதி அறைகளுக்கு மொத்தமாக வாங்கிப் போடுகிறார்களே, அது. சிலவற்றில் ஃபேக்டரியிலிருந்தோ, முதல் முறை இயக்கும்போது இறங்கும் ஆப்கள் வழியாகவோ மால்வேர் வந்துவிடுகிறது. 'பேட்பாக்ஸ் 2.0' என்று பெயர் வைத்த இந்த வலையைப் பற்றி அமெரிக்க எஃப்பிஐ 2025 ஜூனில் எச்சரித்தது. அடுத்த மாதம் கூகுள் போட்ட வழக்கில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட சாதனங்கள் என்றது. படம் நன்றாகவே ஓடும், உங்கள் பணமும் போகாது. உங்கள் இணைய இணைப்பை மட்டும் வேறு யாருக்கோ வாடகைக்கு விட்டிருப்பான். அவன் செய்கிற மோசடிக்கெல்லாம் முகவரி உங்கள் விடுதி.

ஐபோன் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் நிம்மதியாக இருக்கலாம், முழுக்க அல்ல. 'ஸ்பார்க்கேட்' என்ற மால்வேர் ஆப்பிளின் ஆப் ஸ்டோரிலேயே இருந்ததாக 2025 பிப்ரவரியில் காஸ்பர்ஸ்கி கண்டுபிடித்தது. கேலரியில் இருக்கும் ஸ்கிரீன்ஷாட்டுகளில் உள்ள எழுத்துகளைப் படித்து, கிரிப்டோ பணப்பையின் ரகசியச் சொற்களைத் திருடியது. பாஸ்வேர்டை போட்டோ எடுத்து வைக்கும் பழக்கம் நமக்கு நிறைய உண்டு.

மாட்டிக்கொண்டால் என்ன செய்வது? இதில் நானே பல வருடம் தப்பு செய்திருக்கிறேன். வந்தவுடன் ஃபேக்டரி ரீசெட். போன் சுத்தமாகும், ஆதாரமும் சுத்தமாகப் போய்விடும். இப்போது முதலில் ஏரோப்ளேன் மோட், வைஃபையும் அணைப்பு. ஓடிபி வெளியே போகிற குழாய் அடைபடும். உடனே வேறு போனிலிருந்து 1930. அது சைபர் நிதி மோசடிக்கான தேசிய எண். பணம் கைமாறிக் கைமாறிப் போய்க் கடைசியில் ரொக்கமாக எடுக்கப்படுவதற்கு முன்னால் பிடிக்க வேண்டும் என்பதால் மணிக்கணக்கு இல்லை, நிமிடக் கணக்கு. கூடவே வங்கிக்கும் சொல்லிப் புகார் எண் வாங்க வேண்டும். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கைப்படி, வாடிக்கையாளர் தப்பும் வங்கித் தப்பும் இல்லாத மோசடியை மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால் இழப்பு வாடிக்கையாளர் தலையில் விழாது. அவருடைய கவனக்குறைவு என்றால், தெரிவிக்கும் நொடி வரை போனதை அவர்தான் ஏற்க வேண்டும், அதற்குப் பிறகு போவது வங்கியின் பொறுப்பு. ஏபிகே நிறுவியது எந்தப் பக்கம் வரும் என்று வங்கி வாதாடும். எப்படியானாலும் சொன்ன நேரம்தான் கோடு. பிறகு ஊட்டியில் இருக்கும் மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையம், அந்த ஏபிகே ஃபைலோடும் ஸ்கிரீன்ஷாட்டுகளோடும்.

போனில் பார்க்க வேண்டியது ஆப் பட்டியலை அல்ல, அனுமதிப் பட்டியலை. செட்டிங்ஸில் 'பர்மிஷன் மேனேஜர்' என்று தேடி, எஸ்எம்எஸ் என்பதைத் தொட்டால் யாரெல்லாம் உங்கள் குறுஞ்செய்தியைப் படிக்கிறார்கள் என்று வரிசையாக நிற்பார்கள். பெரியவரின் போனில் அங்கே ஐகான் இல்லாமல், பெயரும் இல்லாமல் ஒரு வெற்று வரி இருந்தது. தொட்டேன், உள்ளே போனது. வெளி ஆப்கள் ஓடாத சேஃப் மோடில் போட்டு, தன்னை நீக்கவிடாமல் காக்கும் டிவைஸ் அட்மின் அனுமதியைப் பறித்த பிறகுதான் நீக்க முடிந்தது. *#21# அடித்து அழைப்புகள் வேறு எண்ணுக்குத் திருப்பப்படவில்லை என்று பார்த்துக்கொண்டேன். திருப்பியிருந்தால் ##002# எல்லாவற்றையும் ரத்து செய்யும்.

கூகுளும் சும்மா இல்லை. பிரவுசர், வாட்ஸ்அப் மாதிரி வழிகளில் வந்து, எஸ்எம்எஸ், அறிவிப்பு, அக்சஸிபிலிட்டி அனுமதி கேட்கும் ஆப்களை நிறுவும்போதே தடுக்கும் ஏற்பாட்டை 2024 அக்டோபரில் இந்தியாவுக்கு அறிவித்தது. அதன் பிறகு என் மேசைக்கு வரும் கதைகளில் ஒரு மாற்றம். 'ப்ளே ப்ரொடெக்டை அணைக்கச் சொல்லி போனில் ஒருத்தர் வழி சொன்னார்' என்று சேர்ந்துகொண்டது. ஆப்களைச் சோதிக்கும் கூகுளின் காவலுக்குத்தான் அந்தப் பெயர். பூட்டு நன்றாக இருந்தால் திருடன் வீட்டுக்காரரிடமே சாவியைக் கேட்கிறான்.

பெரியவரின் பணத்தில் ஒரு தவணை மட்டும் வழியில் நிறுத்தி வைக்கப்பட்டதாகப் பிறகு தெரிந்தது. ஆனால் அன்று கடையில் அவரைக் கவலைப்படுத்தியது வேறு. அவருடைய வாட்ஸ்அப்பைத் திறந்து காட்டினேன். அதே ஃபைல், அவர் பெயரில், அவர் தூங்கிக்கொண்டிருந்த நேரத்தில், நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்குப் போயிருந்தது. 'எல்லோருக்கும் அழி' என்று முடிந்தவரை அழித்தோம். அதற்குள் பார்த்துவிட்டவர்களுக்கு என் போனிலிருந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொல்லத் தொடங்கினார், படுக மொழியில், ஒவ்வொருவரிடமும் முதலில் உடம்பு எப்படி என்று விசாரித்துவிட்டுத்தான். ஏழாவதோ எட்டாவதோ அழைப்பு அவருடைய அத்தைக்கு. ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

"அதா? நேத்தே தொறந்து பாத்தேனே. ஒண்ணும் வரலை. போன் நல்லாத்தான் ஓடுது."